ஐந்தாம் கட்டு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினொரு வருஷமாக ஜெபமாலை அக்காவுக்கு எதிரே நிற்கிறவள் நான். விரிப்பின் இரண்டு முனை அவள் கையில், இரண்டு முனை என் கையில். இஸ்திரி உருளையிலிருந்து சூடாக வருவதை மடித்து அடுக்க வேண்டும். மத்தியானத்துக்குள் கால் இரண்டும் மரத்துவிடும்.

ஒரு விரிப்புக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்வாள். வார்டுக்குப் போகிற கட்டு பத்து விரிப்பு. ஜெபமாலை மணிகளுக்கும் பத்துப் பத்தாகத்தான் கணக்கு. ஐந்து கட்டு முடிந்தால் ஒரு மாலை முடியும். வேலைக்கு வேலை, ஜெபத்துக்கு ஜெபம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவள் முணுமுணுக்கிற வேகத்துக்கு என் கையும் ஓட வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல்தான் உண்டு.

மனசு சரியில்லாத நாளில் அவளுக்கு எண்ணிக்கை தப்பும். சந்தேகம் வந்தால் திரும்பச் சொல்லுவாள். அந்தக் கட்டுக்குள் பதினொரு விரிப்பு, பன்னிரண்டு விரிப்பு இருக்கும். அதைப் பார்த்தே நர்ஸம்மாக்கள், மகளுக்கு மறுபடி வலிப்பு வந்ததா என்று விசாரிப்பார்கள்.

மகளுக்குப் பத்தொன்பது வயது. எட்டு வயதில் தொடங்கிய வலிப்பு. அக்கா அவளைத் தெருமுனைக்குக்கூடத் தனியாக அனுப்பியதில்லை. ஒரு திங்கட்கிழமை மகள் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு பஸ் மாற வேண்டும். கூட வந்தால் வேலைக்கே போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். கூடத்தில் கைப்பேசி கூடாது என்பதால், ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்ததும் சூப்பர்வைசர் மேஜைப் போனில் கூப்பிடுவதாக ஏற்பாடு.

நாலு கட்டு ஒழுங்காக வந்தது. ஒவ்வொரு பத்துக்கும் மாதா, இயேசு வாழ்க்கையில் ஒரு சம்பவத்தை நினைத்துக்கொள்ள வேண்டுமாம், மறையுண்மை என்பாள். ஐந்தாவது, காணாமற்போன பிள்ளை இயேசுவை மாதா ஆலயத்தில் கண்டடைந்த மறையுண்மை. அங்கேதான் மாட்டிக்கொண்டாள். பத்து தாண்டியது, பதினைந்து தாண்டியது. மணி பத்தாயிற்று. இருபத்திரண்டாவதில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எத்தனை தடவைக்கா சொல்லுவ? மாதாவுக்குக் காது கேக்காதா?"

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "மூணு நாள் புள்ளையக் காணாம தேடினவங்கடி அவங்க. நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு நிக்கிறத அவங்களுக்கு விளக்க வேண்டியதில்ல. பக்கத்துல நின்னாப் போதும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு எண்ணிக்கை தப்பவில்லை. மகளைப் பற்றிச் சேதி வராமல் அந்தக் கட்டை முடிக்க மனம் வரவில்லை. நான் அடுத்த விரிப்பின் முனையைப் பிடித்தேன்.

முப்பத்தொன்றாவது விரிப்பில் சூப்பர்வைசர் கையசைத்தார். அக்கா ஓடினாள். திரும்பி வந்தபோது நடைதான். பஸ்ஸில் மகளுக்கு வலிப்பு வந்ததாம். முன்பின் தெரியாத ஓர் அம்மா தலையை மடியில் சாய்த்து வைத்திருந்து, தெளிந்ததும் கடைவாசல் வரை கொண்டுவந்து விட்டாளாம். இப்போது நன்றாக இருக்கிறாளாம்.

"சாயந்தரமும் தனியாத்தான் வருவேங்கறா," என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்கை மூன்று கட்டாகப் பிரித்தாள். மிஞ்சிய ஒரு விரிப்பைத் தனியே வைத்து, அதன்மேல் புது மாலையைத் தொடங்கினாள். அசதியில் இந்த முறை நிஜமாகவே தடுமாறினாள்.

"ஏழா, எட்டாடி?"

எட்டு. நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். சாயந்தரப் பஸ் இன்னும் பாக்கி இருந்தது.

"ஏழுக்கா," என்றேன்.