இரண்டு பக்கமும் திறந்தால்

என் அப்பா பொம்பிலியு, எங்கள் மலையடிவார ஊரான நொவாச்சியின் பள்ளிக்கூடத்தில் கொதிகலன்காரர். அந்தப் பள்ளிக்கூடம் என்னை ஒன்பதாம் வகுப்போடு போதும் என்று அனுப்பிவிட்டது; அவரை மட்டும் இருபத்தொரு வருடமாக விடாமல் வைத்திருக்கிறது. பனிக்காலத்தில் முந்நூறு பிள்ளைகளின் விரல் விறைக்காமல் பார்த்துக்கொள்கிறவர். மற்றபடி எல்லாவற்றுக்கும் பயம். வங்கி, பல் டாக்டர், மலை வளைவு. எல்லாவற்றையும்விட, அம்மா என்ன சொல்வாளோ என்ற பயம்.

அம்மா ஒட்டிலியா ஆறு வருடமாக இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூனில் கிழவி போய்ச் சேர்ந்தாள். இன்னொரு வீட்டில் செப்டம்பரிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள்.

"ஆகஸ்டுல அஞ்சு நாள் வரேன். வந்து பாத்துட்டு அவங்களுக்குப் பதில் சொல்றேன்" என்றாள் போனில்.

அப்பா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"வந்து பாத்துட்டுன்னா? என்னத்தைப் பாக்கப் போறா?"

"உன் மூஞ்சியைத்தான்" என்றேன் நான்.

"அதுதான் போன்லயே தெரியுதே" என்றார் கவலையாக.

போகாதே என்பது மூன்றே எழுத்து. அப்பாவுக்கு அது வாயில் வராது. அதற்குப் பதிலாக, கல்யாணமானதிலிருந்து கூட்டிப்போகிறேன் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவந்த மலைப்பாதைக்கு அம்மாவை ஒரு நாள் காரில் அழைத்துப்போவது என்று முடிவு செய்தார். கட்டம் போட்ட நோட்டு ஒன்றில் திட்டம் எழுதினார். ஒன்பது மணிக்குக் கிளம்பணும். பத்தேகாலுக்கு வழியில் ரின்கா ஊரில் நிறுத்தி, பாலாடைக்கட்டி, தக்காளி. பதினொன்று நாற்பதுக்கு ஊர்தேலே கணவாய். அதற்கு நேரே பென்சிலால் 'கேட்கணும்' என்று எழுதியிருந்தது. அழித்து அழித்து எழுதியதில் அந்த இடத்தில் தாள் மெலிந்து மறுபக்கம் தெரிந்தது.

ஆனால் அவர் தூக்கத்தைக் கெடுத்தது காற்று. அம்மாவுக்கு இழுவைக் காற்று ஆகாது. ஒரு ஜன்னல் திறந்திருக்கும்போது எதிர் ஜன்னலைத் திறந்தால் வீடே அலறும். கழுத்து பிடித்துக்கொள்ளும், பல் வலிக்கும், வாய் கோணிப்போகும். இங்கே யாருக்குத்தான் தெரியாது? எங்கள் கிழட்டுக் காரிலோ ஜன்னலை மூடினாலும் நாலு இடத்தில் காற்று வரும்.

அப்பா ரப்பர் பட்டையும் பசையும் வாங்கி வந்து ஒட்டினார். பிறகு என்னை அம்மாவின் இருக்கையில் உட்காரவைத்து, கையில் ஒரு துண்டு கழிப்பறைக் காகிதத்தைக் கொடுத்து, ஊரைச் சுற்றி ஓட்டினார். ஜன்னல் ஓரமாக நான் பிடித்திருக்க வேண்டும். காகிதம் ஆடினால் கத்த வேண்டும். ஆடவில்லை. வாயின் ஓரத்தால் நானே மெல்ல ஊதினேன்.

"ஆடுதுப்பா!"

வண்டியை நிறுத்தி மறுபடி ஒட்டினார். மறுநாளும் ஊதினேன். மூன்றாம் நாள் ஸ்டீயரிங்கில் அவர் விரல்களைப் பார்த்தேன். பசை காய்ந்து, மடக்கவும் நீட்டவும் முடியாமல் இருந்தன. அன்றைக்கு மூச்சையே பிடித்துக்கொண்டேன்.

"ஆடலயா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"மூச்சை விடுடி, செத்துகித்துப் போயிடாத!"

இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் சேவஸ்தா அக்கா.

"எதுக்குடா தம்பி இவ்ளோ பாடு? அங்க போனவளுங்க எல்லாம் ஜன்னலைத் தெறந்து போட்டுத் தூங்குறாளுங்க. என் நாத்தனார் வந்தப்ப நாங்கதான் ஜலதோஷம் புடிச்சுப் படுத்தோம். அதுக்கப்புறம் அவ திரும்பி வரவேயில்ல."

அப்பா சிரித்தார். அப்புறம் சூப்பில் ரொட்டியை நனைத்துவிட்டுச் சாப்பிட மறந்தார். "அவளுக்குக் காத்து பழகிப் போயிருக்குமோ?" என்று இரண்டு முறை கேட்டார். நான் கிண்டல் செய்யவில்லை.

அம்மா வியாழக்கிழமை வந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். சனிக்கிழமை ஒன்பது மணிக்குச் சரியாகக் கிளம்பினோம். நான் பின்னால், சாப்பாட்டுக் கூடையோடு. திங்கட்கிழமை அவள் இத்தாலிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வளைவில் அம்மா மூக்கைச் சுளித்தாள்.

"என்ன இது, பசை நாத்தம் குடலைப் புரட்டுது?"

பட்டையைப் பிய்த்துக்கொண்டு ஜன்னலை அடிவரை இறக்கினாள். கையை வெளியே நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பாவின் பின்கழுத்தை மட்டும்தான் என்னால் பார்க்க முடிந்தது. அது சிவந்து, பிறகு வெளுத்தது. பள்ளத்தாக்கு பச்சையாக விரிந்துகொண்டே போனது. அடுத்த மூன்று வளைவுகளில் அவர் ஹாரன் அடிக்கக்கூட மறந்தார். எதிரே வந்த லாரிக்காரன் எங்கள் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனான்.

பிறகு அப்பா ஒரு காரியம் செய்தார். தன் பக்கத்து ஜன்னலையும் இறக்கினார். மெதுவாக, முழுசாக. அவளோடு சேர்ந்து பழகிக்கொள்ள முயன்றார் போலும். காற்று காருக்குள் குறுக்கே பாய்ந்தது. நோட்டிலிருந்து ஒரு தாள் பறந்து என் முகத்தில் ஒட்டியது.

"யோவ்!" அம்மா இருக்கையிலேயே துள்ளினாள். "புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? ரெண்டு பக்கமும் தெறந்தா காத்து இழுக்காது? வேர்த்த கழுத்தோட! வாய் கோணிக்கிட்டா செப்டம்பர்ல உனக்கு யாரு சூப்பு ஊட்டுறது?"

ரின்கா இன்னும் வரவில்லை. மணி ஒன்பதரைகூட ஆகவில்லை. அப்பா ஓரமாக, ஒரு சரளைக் குவியலின் பக்கத்தில் நிறுத்தினார். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை.

"யாரு ஊட்டுவா?" என்றார். குரல் எங்கேயோ அடியிலிருந்து வந்தது.

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு அந்தப் பசை விரல்களை. தன் ஜன்னலை மேலே ஏற்றினாள்.

"நான்தான். வேற எவ வருவா உனக்கு? ஜன்னலை மூடு முதல்ல."

அப்பா மூடினார். கண்ணாடி முழுக்க ஏறிய பிறகும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் முகத்தில் ஒட்டிய தாளை எடுக்கவில்லை. என் கண்ணை அவர்கள் பார்க்காமலிருக்க அது வசதியாக இருந்தது.