கருமாதி அன்று வந்த குயில்

மனைவி போன மூன்றாம் நாள் காலையில் நான் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உடவத்தகெல காட்டுக்குப் போனேன். சாவு வீட்டிலிருந்து குருவி பார்க்கக் கிளம்பிய மனுஷன் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா, பேசட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொருவரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். காட்டில் யாரும் பார்க்கவில்லை.

மே மாதம் அது. வலசை வந்த குருவிகள் எல்லாம் வடக்கே திரும்பிவிட்டிருந்தன. மாங்குயில் ஒரு ஜோடி, குக்குறுவான் இரண்டு, குளத்துப் பக்கம் மீன்கொத்தி ஒன்று என்று வழக்கம்போலக் கொப்பியில் எழுதினேன். அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும். கண் பார்த்தது, கை எழுதியது, மனத்தில் எதுவும் ஏறவில்லை. அழுகையும் வரவில்லை. வந்திருந்தால் அழுதிருப்பேன், அதில் என்ன வெட்கம்?

மாநகர சபையில் கிளாக்கராக இருந்த காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளை நான் பறவைகளுக்குத்தான் கொடுத்தேன். யாராவது ஒரு பறவையின் பெயரை மாற்றிச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. ஒருமுறை கோயில் தேருக்கு மேலே வட்டமிட்டதைக் கருடன் என்று கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அது கரும்பருந்து என்று சத்தமாகச் சொல்லிப் பூசாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள், அதுதான் அவள் முறை.

மகளோடு ஆறு வருடம் நிறுத்தியிருந்தாள். மகள் தன்னோடு வேலை செய்த சிங்களப் பையனைக் கட்டிக்கொண்டு கலகெதரவுக்குப் போய்விட்டாள். நல்ல பையன்தான். பெத்த மனம் பித்து என்பார்கள். எங்கள் வீட்டில் பெத்த மனம்தான் கல்லாக இருந்தது. கடைசியில் பேராதனை ஆஸ்பத்திரிக்கு மகள் ஓடிவந்து கட்டில் பக்கத்தில் நின்றபோது, மனைவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வலியில் திருப்பினாளா, கோபத்தில் திருப்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் விடியுமுன் உயிர் போய்விட்டது. அதிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடவுமில்லை, தூங்கவுமில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. படையல் முடிந்து, இலையில் சோறு, பருப்பு, வடை, மனைவிக்குப் பிடித்த பப்பாசிப் பழத்துண்டு எல்லாம் வைத்துப் பின்மதிலில் கொண்டுபோய் வைத்தோம். காக்கை வந்து வாய்வைத்த பிறகுதான் வீட்டில் சாப்பாடு. மனைவியின் அண்ணன், என் மச்சான், மதிலைப் பார்த்து நின்று “கா, கா” என்று கூப்பிட்டார். கண்டி டவுனில் காக்கைக்கா பஞ்சம்? ஆனால் அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. கீழே ரோட்டோரத்தில் ஒரு கல்யாண வீடு, பிரியாணிச் சட்டிகளை வெளியே கழுவிக்கொண்டிருந்தார்கள். ஊர்க் காக்கை முழுக்க அங்கேதான். எனக்குத் தெரிந்தது, ஆனால் சொல்லி என்ன?

ஒரு மணியானது, இரண்டானது. பசியில் பிள்ளைகள் சிணுங்கின. மச்சான் பெருமூச்சு விட்டு, “அவ மனசு இன்னும் ஆறல போல” என்றார். யாரையும் குறிவைத்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு தலைமுழுகிய ஈரச் சேலையோடு கதவோரம் நின்றாள். எனக்கு மச்சானை அறைய வேண்டும்போல இருந்தது.

அப்போது கொய்யா மரத்திலிருந்து கறுப்பாக ஒன்று மதிலில் இறங்கியது. பப்பாசித் துண்டைக் கொத்தி விழுங்கியது. “வந்துருச்சு, சாப்பிட்டுருச்சு” என்று வீடே மூச்சுவிட்டது. சோற்றை அது தொடக்கூட இல்லை. சிவந்த கண், வெளிறிய பச்சை அலகு, நீண்ட வால். ஆண் குயில். குயில் பழந்தின்னி, சோற்றுக்கு வராது.

மகள் மட்டும் மதிலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்.

“நல்லா பாத்து சொல்லுங்கப்பா. காக்காதானே?”

இந்த வீட்டில் என் வாயிலிருந்து ஒரு பறவையின் பெயர் பிழையாக வந்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் கேட்டாள்.

“காக்காதான்மா” என்றேன்.

“அப்ப அம்மாவுக்கு என் மேல கோவம் இல்ல.”

“இல்லம்மா. போய்ச் சாப்பிடு.”

அவள் சாப்பிட்டாள். இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு அம்மாவின் கட்டிலில் போய்ப் படுத்தவள், சேலைகூட மாற்றாமல் தூங்கிப்போனாள். சனம் கலைந்தது. மருமகன் வாடகைக் கதிரைகளை வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தான். பொய் சொன்னதற்காக எனக்கு வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவியது போல இருந்தது, அவ்வளவுதான்.

நாலு மணி போல இலையை எடுத்துப் போடலாம் என்று பின்பக்கம் போனேன். மதிலில் ஒரு காக்கை நின்றது. கனத்த அலகு, கறுத்த கண், சந்தேகமே இல்லாத காக்கை. காய்ந்துபோன சோற்றை வாய் வாயாக அள்ளித் தின்றுகொண்டிருந்தது. கல்யாண வீட்டில் சட்டி கழுவி முடித்திருப்பார்கள், அதனால் வந்திருக்கிறது. இது எனக்குத் தெரியாதா? அப்படியும் கால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மகளை எழுப்பிக் காட்ட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுப்பினால், அப்போ முதலில் வந்தது என்னப்பா என்று கேட்பாள்.

“இவ்வளவு நேரம் எங்க போயிருந்த?” என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

காக்கை வடையைக் காலால் அமுக்கிக்கொண்டு, தலையைத் தூக்கி, வீட்டுப் பக்கம் பார்த்துப் பலமாகக் கரைந்தது.

“சத்தம் போடாத” என்றேன். “பிள்ள இப்பத்தான் தூங்குறா.”