வண்டி நடந்த நடை

மச்சானின் வலது கெண்டைக்கால் இடதைவிடப் பருத்திருக்கும். கைலியை முழங்கால் வரை ஏற்றி, இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, "பாத்தியா மாப்ள, இது முப்பது வருசம் கிக்கர் மிதிச்ச காலு" என்று காட்டுவார். கல்யாண வீடோ துக்க வீடோ, பேச்சு உடம்பின் பக்கம் திரும்பினால் போதும், அந்தக் கால் வெளியே வந்துவிடும். என் அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

மாட்டுத் தீவனக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி அவர். திருப்பரங்குன்றத்து வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால் உசிலம்பட்டி, திருமங்கலம் என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார். எல்லாம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளில். பட்டன் அமுக்கிக் கிளப்புகிற வண்டிகளை அவர் வண்டியாகவே மதித்ததில்லை. ஜிம்முக்குப் போகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பார். கிளட்ச் பிடிப்பது கைக்கு, கிக்கர் மிதிப்பது காலுக்கு, டேங்கைத் தொடையால் இறுக்குவது இடுப்புக்கு, பள்ளத்தில் குலுங்குவது குடலுக்கு என்று ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பலன் வைத்திருந்தார். முழுக்கப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. ஐம்பத்தைந்து வயதில் அவர் கை கொடுத்தால் எனக்கு விரல் வலிக்கும். தொப்பையும் கூடவே இருந்தது. அதற்கு மட்டும் அவர் சாஸ்திரத்தில் விளக்கம் இல்லை. சாயங்காலங்களில் உள்ளங்கை மரத்துப்போய்ச் சோற்றைப் பிசையத் தடுமாறுவார். அதற்கும் உழைத்த கை என்று பெயர் வைத்திருந்தார்.

சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்து வந்தபோது, தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். "நாள் முழுக்க வண்டி ஓட்டுறேனே சார்" என்றார் மச்சான். "ஓடுறது வண்டி. நீங்க உக்காந்துதான இருக்கீங்க?" என்றார் டாக்டர். மச்சானை அதுவரை யாரும் அப்படி அவமானப்படுத்தியதில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த என்னை அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். "தம்பி, நீ கூடப் போனாத்தான் அவரு நடப்பாரு. கண்மாய்க்கரைக்குக் கூட்டிட்டுப் போடா. ஒன்னத்தான் நம்பியிருக்கேன்" என்றாள். மச்சானின் போனில் நடையை எண்ணுகிற ஆப் ஒன்றையும் அவளே போட்டுக் கொடுத்தாள். ஒரு நாளைக்கு எட்டாயிரம் என்பது அவள் வைத்த கணக்கு.

இரண்டு நாள் ஒழுங்காக நடந்தோம். மூன்றாம் நாள் மச்சான் கண்மாய்க்கரையில் வண்டியை நிறுத்தவே இல்லை. "ஒரு டீயக் குடிச்சிட்டு வந்துருவோம் மாப்ள" என்று செக்கானூரணிப் பக்கம் விட்டார். ஜல்லி பெயர்ந்த குறுக்குச் சாலையில் வண்டியும் நாங்களும் கடகடவென்று ஆடிக்கொண்டு போனோம். டீக்கடையில் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூவாயிரம் காலடி என்று காட்டியது. வண்டி குலுங்கிய குலுக்கலை எல்லாம் போன் நடை என்று எண்ணியிருந்தது. "பாரு மாப்ள! போனே ஒத்துக்கிருச்சு, டாக்டருக்கு என்னவாம்?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதன்பின் ஒரு வருடம் அதுதான் எங்கள் நடை. கணக்கு குறைந்தால் இன்னும் மோசமான சாலையாகப் பார்த்துத் திரும்பி வருவோம். வீட்டுக்கு வந்ததும் போனை அக்காவிடம் நீட்டுவார். அவள் முகம் மலர்ந்துபோகும். டாக்டரிடமும் அதைக் காட்டிப் பாராட்டு வாங்கினாள். அவளிடம் சொல்லிவிட நான் தவித்தேன் என்று இப்போது எழுதினால் அது பொய். எனக்கு அந்தக் காலைக் காற்று பிடித்திருந்தது, சூடான ஆமவடை பிடித்திருந்தது, மச்சானின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவது பிடித்திருந்தது. வேறெதையும் நான் நினைக்கவில்லை.

திருமங்கலம் சாலையில் ஒரு மத்தியானம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. அந்த வலியிலும் வண்டியை ஓரங்கட்டி, சென்டர் ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பார்த்தவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது. நடந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் எந்த டாக்டரையும் கேட்கவில்லை. கேட்கப் பயம். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தம்பி ஒரு கொறையும் வைக்கல. ஒரு நாள் விடாமக் கூட்டிட்டுப் போனான். அம்புட்டு நடந்தும் போயிட்டாரே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கையை இழுத்துக்கொள்ளவும் எனக்குத் தைரியமில்லை.

இப்போது அக்காவுக்கும் சர்க்கரை. மச்சானுடைய போனைக் கையில் பிடித்துக்கொண்டு காலையில் கண்மாய்க்கரையில் நடக்கிறாள். துணைக்கு நான். அவருடைய பழைய கணக்கெல்லாம் அதில் நாள்வாரியாக இருக்கிறது. அந்த எட்டாயிரத்தைத் தானும் தொட்டுவிட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். முட்டி வீங்கியிருக்கிறது, சொன்னால் கேட்பதில்லை. நேற்று ஐயாயிரம் தாண்டியதும் மடைச்சுவரில் உட்கார்ந்துவிட்டாள்.

"இம்புட்டுக்கே எனக்கு உசுரு போகுது. தெனமும் எட்டாயிரம் நடந்த மனுசனுக்குக் காலு எம்புட்டு வலிச்சிருக்கும்? ஒரு நாளாச்சும் பிடிச்சு விட்டேனாடா நானு?" என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். டீக்கடை, ஜல்லிச் சாலை எல்லாம் நாக்கு வரைக்கும் வந்தன.

"அவருக்குக் காலு வலிச்சதே இல்லக்கா."

அந்த நடையைப் பற்றி அவளிடம் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்க்கா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போனைப் பார்த்தாள். "இன்னும் மூவாயிரம் இருக்குடா" என்று சொல்லி, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.