மூடி திறக்காத ஜாடி

வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களுக்கென்று ஒதுக்கிய கோடை ஆய்வுத் திட்டம் அது. "சும்மா கூப்ட்டு சேத்துக்கிட்டாங்க" என்று வேலூர் ஹாஸ்டலில் என் காதுபடவே பேசினார்கள். எனக்கு மூக்குமேல் கோபம் வரும். அந்தக் கோபத்தோடுதான் தினமும் ஆய்வகத்துக்குள் நுழைவேன்.

தேனீயின் குடலில் வாழும் நுண்ணுயிரிகள் ஊருக்கு ஊர் மாறுகின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. என்னோடு சேர்ந்த குடியாத்தத்துக்காரி அணைக்கட்டுத் தோப்பில் தேனீ பிடித்தாள். நான் ஆம்பூரில், தோல் தொழிற்சாலைகளுக்கு நடுவே, எங்கள் வீட்டு மாடியில் தேனீப் பெட்டி வைத்தேன். "ஆம்பூர் தேனீ பிரியாணிதான் துன்னும்" என்று கிண்டலடித்தாள்.

வெயில் ஏறியதும் தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்து, வாசலில் வரிசையாக நின்று சிறகால் விசிறின. அப்படியும் சமாளிக்க முடியவில்லை. ஆய்வுக்காக நான் சில தேனீக்களை எடுத்த சில நாளிலேயே பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டன. ஆம்பூருக்கென்று மிஞ்சியவை அவற்றின் குடல் நுண்ணுயிரிகளை இட்டு ஒரு கண்ணாடி ஜாடிக்குள் வைத்த வளர்ப்புத் தட்டுகள் மட்டும். உள்ளே மெழுகுவத்தி ஏற்றி மூடினால், அது அணைந்தபின் மிஞ்சும் ஆக்சிஜன் குறைந்த காற்றில்தான் அந்த நுண்ணுயிரிகள் வளரும். மூடி திறந்தாலும் போயிற்று, சூடு ஏறினாலும் போயிற்று.

ஜாடியை முப்பத்தைந்து டிகிரிச் சூட்டில் வைத்திருந்த இன்குபேட்டருக்கு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் கரண்ட் போனது. குளிர்ந்த ஊராக இருந்தால் இன்குபேட்டர் ஆறிவிடுமே என்று பயப்படுவார்கள். அக்கினி நட்சத்திரத்து வேலூரில் அறையே இன்குபேட்டரைவிட அதிகமாகக் கொதித்தது. ஜாடிக்குள் இருந்த வெப்பமானி முப்பத்தைந்தைத் தாண்டி மெல்ல ஏறியது. எங்களை வழிநடத்தும் மேடம் சர்ச்சில் இருந்தார், போன் அணைந்திருந்தது.

"வெளிய எடுக்கப் போறேன்" என்றேன்.

"மேடம் தொடக்கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க" என்றாள் குடியாத்தத்துக்காரி.

"எடுக்கலன்னா செத்துடும்."

"அதுவா செத்தா கரண்டு மேல போவும். நீ எடுத்து செத்துச்சின்னா உம்மேல வரும். ஹாஸ்டல்ல இன்னா பேசுவாங்கன்னு தெரியுமில்ல?"

தெரியும். மெஷின் கெடுத்தால் விபத்து, நான் கெடுத்தால் "இவங்களுக்கெல்லாம் எதுக்கு?" என்பார்கள்.

எடுத்தேன். ஜாடி சாயாமல் படியிறங்கி, மாடிப்படிக்குக் கீழே வைத்து, துண்டை நனைத்துச் சுற்றிப் பரீட்சை அட்டையால் விசிறினேன். கை ஓய்ந்தபோது குடியாத்தத்துக்காரி அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். சூடு இறங்கியது. ரொம்ப இறங்கிவிடுமோ என்று துண்டை விலக்கினேன், ஏறியதும் மறுபடி சுற்றினேன். தேனீக்கள் இதே வேலையைச் செய்து தோற்றுப்போனவை என்ற நினைப்பு மட்டும் விடாமல் குடைந்தது. மாலையில்தான் கரண்ட் வந்தது.

ஜாடியைத் திறக்கும் நாளில் நடந்ததை மேடத்திடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"யாரு உனக்கு ஈரத்துணி போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம். பெட்டியில தேனீங்க பண்றதைப் பார்த்தேன்."

"செத்திருந்தா?"

"நான்தான் எடுத்தேன்னு சொல்லியிருப்பேன்."

மேடம் மூடியைத் திறந்து முதல் தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்றும் தெரியவில்லை. அவர் லேசாகச் சாய்த்தபோது, ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள் தட்டு முழுக்க இருந்தன.

அவர் புள்ளிகளைத் தொட்டெடுக்கும் கம்பியை என்னிடம் நீட்டினார். "இந்தா, நீயே எடு."

எங்கே போயினவோ அந்தத் தேனீக்கள். அவற்றின் வயிற்றில் வாழ்ந்ததை நான் தொட்டு எடுத்தேன்.