ஜமீலா மேடம் கேட்ட கேள்வி

“மார்க் புரோகிராமை எங்கங்க சார் வெச்சீங்க?” ஜமீலா மேடம் ஒருமுறை என்னிடம் கேட்டார். சென்ற வாரம் அவர் மறைந்த செய்தியைத் தொலைபேசியில் கேட்டபோது, இந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது. அன்று நான் சொன்ன பதில் பொய். அவரோடு வேலை பார்த்த உங்களிடமாவது அதைச் சொல்லிவிட வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில், தருமபுரி அருகே எங்கள் பாலிடெக்னிக்கிற்கு ஒரு யூனிக்ஸ் கணினி வந்தது. அதற்குப் பொறுப்பு மேடம்; நான் கணக்கு வாத்தியார். வெளியிலிருந்து டேப்பில் வரும் மென்பொருள் பேக்கேஜ்கள் தங்கள் கோப்புகளை /usr/bin என்ற டைரக்டரியில், சிஸ்டத்தின் சொந்த நிரல்களோடு கலந்து கொட்டிவிடும். மேடம் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, /usr/local என்ற தனி டைரக்டரிக்கு மாற்றுவார். ஒரு பேக்கேஜுக்கு இரண்டு நாளாகும்.

“எதுக்குங்க மேடம் இந்த வேல? எங்க இருந்தா என்ன, ஓடுதில்ல?” என்றேன்.

“ஒறம்பரையா வந்தவங்க துணிய உங்க வூட்டு பீரோவுல அடுக்குவீங்களா சார்? கெளம்பறப்ப எது யாருதுன்னு எப்படிப் பிரிப்பீங்க?”

சிரித்தேன். ஆனால் இன்டர்னல் மார்க் போடும் என் நிரலை, மதிப்பெண்களோடு சேர்த்து, /usr/bin-இலேயே வைத்தேன். அங்கே இருந்தால் எந்த டெர்மினலிலும் பெயரை அடித்தவுடன் ஓடும். சோம்பல்தான்.

சிஸ்டத்தின் புதிய பதிப்போடு பெங்களூரிலிருந்து இன்ஜினியர் வந்தார். பழையதை அழிக்குமுன்தான் மேடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“உங்க டைரக்டரியிலதாங்க” என்றேன். திட்டு வாங்க மனமில்லை.

மேடம் தன் /usr/local-ஐ மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு, மற்றதை அழிக்கச் சொன்னார். என் நிரலும் மூன்றாம் ஆண்டு மதிப்பெண்கள் மொத்தமும் போயின.

“ஒரு மெஷினப் பாத்துக்கத் தெரியல, உங்களுக்கு எதுக்கு லேப்?” என்று பிரின்சிபால் எல்லோர் முன்னிலையிலும் கத்தினார். மேடம் என்னை ஒருமுறை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பழியைத் தானே ஏற்றுக்கொண்டார்.

விடைத்தாள்களை வாங்கி வந்து, நிரலையும் மதிப்பெண்களையும் மூன்று நாள் இருவரும் மறுபடி அடித்தோம். கை வலித்தது. கடைசி எண்ணை அடித்ததும், “போகுது விடுங்க சார். இனிமே வெச்ச எடத்த எழுதிருங்க” என்றார். கணினிப் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டார். முதல் வரி அவர் கையெழுத்தில் இருந்தது: மார்க் புரோகிராம், /usr/local.

பிரின்சிபாலிடம் உண்மையை நான் சொல்லவே இல்லை. இப்போது அவரும் இல்லை, மேடமும் இல்லை. சொல்லாமல் சுமந்ததில் களைத்துப்போனேன்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நோட்டுப் பழக்கம்தான். வீட்டு லினக்ஸ் கணினிக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஒரு மென்பொருளை நிறுவும்போது, அதன் கோப்புகள் போன இடத்தைத் தாளில் எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, அதை மட்டும் பார்த்து அந்தக் கோப்புகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.