பாக்கியத்தின் கையில் பதிந்த முத்துகள்

…அதற்காக, பாக்கியம் போனதற்கு நான் அழவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அழுதேன். ஆனால் கோயில் கூட்டத்துக்காக அவளைப் பற்றி எழுது என்றால் அழுகையை மட்டும் எழுத எனக்கு வராது. என் கொழுந்தன் மனைவி அவள். தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீடு. முப்பது வருஷம் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான். நம் கோயில் கூட்டத்துக்கே இது தெரியும், இனி மறைத்து என்ன?

செய்தி வந்தபோது பசறையில், வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கித்துள் கருப்பட்டி வாங்கிக்கொண்டிருந்தேன். அவள் மகள் சுகந்தி ஹாலிஎலயிலிருந்து போனில் பேசினாள். "பெரியம்மா, அம்மா போயிட்டாங்க." கடைக்காரர் எத்தனை கட்டி வேண்டும் என்று கேட்டார். எத்தனை என்று எப்போதும் பாக்கியத்திடம்தான் கேட்பேன். அப்படிக் கேட்பதும் எனக்குப் பிடிக்காத விஷயம்தான்.

அவள் கல்யாணமாகி வந்த வருஷமே இது ஆரம்பித்துவிட்டது. அம்மன் திருவிழாவுக்குப் பொங்கல் வைக்கும் உரிமை எங்கள் குடும்பத்துக்கு. மாமியாருக்குப் பிறகு அகப்பை மூத்த மருமகளான எனக்கு வர வேண்டும். அன்று திருநீறு கொடுக்கும்போது பூசாரி ஐயா பாக்கியத்தின் உள்ளங்கையைப் பார்த்துவிட்டார். ஊசி முனையால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள்.

"ஆத்தா முத்துப் பதிச்ச கை தாயி இது!"

மாமியார் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டார். அகலமான நெற்றி, தள்ளித் தள்ளி இருந்த கண்கள், எல்லாம் அம்மன் முகம் என்றார்கள். அகப்பை அவள் கைக்குப் போனது. நான் வீட்டுக்கு வந்து என் உள்ளங்கைகளைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். கொழுந்து பறித்த கறை தவிர ஒன்றுமில்லை.

படைக்கும் முன் பொங்கலை ருசி பார்க்கக் கூடாது, உங்களுக்குத் தெரியும். வாயில் துணி கட்டிக்கொண்டு, மோந்துகூடப் பார்க்காமல் கிண்ட வேண்டும். அவள் பொங்கல் ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை.

"எப்பிடிடி ஒனக்கு மட்டும் தெரியுது?" என்பேன்.

"கொதிக்கிற சத்தம் மாறும்க்கா. அப்ப நிறுத்திருவேன்."

நானும் அவள் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். எனக்குச் சோறு கொதிக்கிற சத்தம்தான் கேட்டது.

பிறகு அவள் கண்ணோரத்தில் கறுப்பாக, பளபளவென்று ஒரு முத்து வந்தது. அதையும் அம்மன் முத்து என்று மஞ்சள் பூசினோம். அது ஆறாத புண்ணாகி, மூக்கிலும் கன்னத்திலும் இன்னும் இரண்டு மூன்று வந்த பிறகுதான், நர்ஸ் வேலை பார்க்கும் சுகந்தி கொழும்புக்கு அழைத்துப்போனாள். துணைக்கு நானும் போனேன். டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார். பிறகு அவள் கையைத் திருப்பி, பூசாரி ஐயா பார்த்த அதே குழிகளைப் பார்த்தார். புற்றுநோய் என்றார், அதன் வேர் பிறவியிலேயே இருக்கிறது என்றார்.

வரும் வழியில் பஸ்ஸில் சுகந்தி எனக்கு விளங்கும்படி சொன்னாள். "காலைல பெரட்டுல எல்லாரையும் நிக்க வச்சு வேலைக்கு ஆள் பிரிப்பாங்கல்ல பெரியம்மா, அது மாதிரி. வயித்துல புள்ள உருவாகுறப்ப உள்ள ஒரு சேதி போகும். நீ நெத்திக்குப் போ, நீ தாடைக்குப் போ, நீ வெரலுக்குப் போன்னு. வேலை முடிஞ்சதும் அந்தச் சேதிய அடக்கணும். அடக்குற ஆளு அம்மாவுக்குப் பொறப்புலயே சரியில்ல. தோல்ல இன்னும் கூப்புட்டுக்கிட்டே இருக்கு. கூப்புடக் கூப்புட வளருது."

அந்தச் சேதிக்கு முள்ளெலி என்று பேராம். ஒரு ஈயின் புழுவில் அது கெட்டுப்போய், உடம்பெல்லாம் முள்ளாக வந்ததைப் பார்த்து அந்தப் பேரை வைத்தார்களாம்.

பாக்கியம் சிரித்தாள். "இத்தன வருசம் ஆத்தா முத்துன்னாங்க. கடைசில முள்ளெலியாக்கா?"

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. பாவி நான். அவள் கை அம்மன் தொட்ட கை இல்லை என்று ஆகிவிட்டதே! ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பூசாரி ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் அசையவே இல்லை. "அந்த மொகத்தச் செஞ்சதே அந்தச் சேதிதான்னு நீயே சொல்ற. சேதிய அனுப்புனது யாரு? ஆத்தாதானே?" திரும்பவும் அவளே ஜெயித்தாள்.

கொழும்பில் அந்தச் சேதியை அடக்க மாத்திரை கொடுத்தார்கள். புண் வாடியது, தலைமுடி கொட்டியது. முக்காடு போட்டுக்கொண்டு வந்து அந்த வருஷமும் திருவிழாப் பொங்கல் வைத்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, என் இலையில் வைத்துவிட்டு நின்று கேட்டாள்.

"இனிப்பு சரியா இருக்காக்கா?"

சரியாகத்தான் இருந்தது. "தெவிட்டுதுடி" என்றேன்.

அவள் அடுத்த இலைக்குப் போனாள். அடுத்த வாரம் அகப்பையைக் கழுவித் துடைத்து என்னிடம் கொண்டுவந்தாள். "இனி நீங்களே கிண்டுங்கக்கா. ஒங்க நாக்கு சரியாச் சொல்லும்."

இந்த வருஷம் நான் கிண்டினேன். முந்தானைக்குள் மறைத்து ஒரு விரல் ருசியும் பார்த்தேன், ஆத்தா மன்னிக்கட்டும். எல்லாரும் பேசாமல் சாப்பிட்டார்கள். பாக்கியம் மட்டும், "நல்லா இருக்குக்கா" என்றாள். எனக்குத் தலை கால் புரியவில்லை. அதன் பிறகு மாத்திரைக்கும் நோய் அடங்கவில்லை. கண்ணோரத்துப் புண் உள்ளே இறங்கிவிட்டது.

சாவு வீட்டில்தான் சுகந்தி சொன்னாள். "அந்த மாத்திரை நாக்கு ருசியையும் கொண்டுபோயிருச்சு பெரியம்மா. நாக்குல ருசி தழைக்கவும் அதே சேதிதான் வேணும். அம்மாவுக்குச் சக்கரையும் மண்ணும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லாதன்னாங்க."

ஆகவே கூட்டத்தார் எல்லாரும் அறிய எழுதுகிறேன். ருசியே தெரியாமல் பாக்கியம் வைத்த அந்தக் கடைசிப் பொங்கல் சரியாகவே இருந்தது. நான் பொய் சொல்லித்தான் அகப்பை என் கைக்கு வந்தது. அவளுடையது என்று என்னிடம் இருப்பதும் அது ஒன்றுதான். பிடி அவள் கைக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கிறது, என் கைக்கு உட்காரவில்லை. அதைப் பார்த்தாலும் எனக்குப் பொறாமைதான் வருகிறது.

இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. தெவிட்டுகிறது என்று சொன்ன பிறகு, அன்று நான் இரண்டாம் தடவையும் இலையை நீட்டினேன். அள்ளி வைத்தது பாக்கியம்தான்.