குஞ்சுக்கீரை எனக்கு மட்டும்

எங்கள் வீட்டில் ஒரு சாப்பாட்டுச் சாமானை எனக்கென்று ஒதுக்கி, அண்ணன் அதைத் தொடக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டது ஒரே ஒரு முறைதான். அதுவும் நண்டோ கோழிக்காலோ அல்ல. பிஸ்கட் டின் மூடியில் முளைத்த கடுகும் வெந்தயமும். கோழிக்கால் எப்போதும் அண்ணனுக்கே போகும். ஆண்பிள்ளை, வளருகிற பிள்ளை என்று அதற்கு நியாயமும் சொல்லப்படும். ஆகவே அந்த மூடிகள் பல்கனிச் சுவரில் வரிசையாக வந்து உட்கார்ந்தபோது நான் கொஞ்சம் தலைகால் தெரியாமல்தான் நடந்துகொண்டேன்.

அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். சண்டைக் காலம். அப்பா யாழ்ப்பாணத்தில். அரசாங்க வேலையை விட்டுவிட்டு வர முடியாது. விட்டுவிட்டு வரலாம் என்றாலும் பாதை திறந்திருக்க வேண்டும். அம்மா, அண்ணன், நான், அம்மாவின் தம்பியான மாமா எல்லோரும் ஓர் அறையிலும் ஒரு பல்கனியிலும் சீவித்தோம். அம்மாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுப் பல்கனிக்குப் போவார். ஒழுங்கை முனையை எட்டிப் பார்ப்பார். திரும்பி வந்து பருப்பைக் கிண்டுவார். எங்காவது ஒரு வண்டி சத்தமாகப் பிரேக் போட்டால் அகப்பையோடு மறுபடியும் பல்கனிக்கு ஓடுவார். கூட இருந்து எங்களுக்கும் அந்த வியாதி தொற்றிவிட்டது. நான் நகம் கடித்தேன். அண்ணன் போகும்போதும் வரும்போதும் கதவு நிலையைத் துள்ளித் துள்ளித் தொட்டான்.

நகம் கடித்ததோடு நிற்காமல், ஒருநாள் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனை நடக்கும்போது நான் மயங்கி விழுந்தேன். டாக்டர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். இரத்தம் காணாது, இரும்புச் சத்து டானிக் கொடுங்கள், கீரை கொடுங்கள், முட்டை கொடுங்கள் என்றார். டானிக் துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. கீரையோ எனக்குச் சன்மப் பகை. வாய்க்குள் வைத்தால் நார் நாராகச் சுற்றிக்கொண்டு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. அம்மா அடித்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் கைவிட்டார். அந்த இடத்தில்தான் மாமா நுழைந்தார்.

மாமா கொள்ளுப்பிட்டியில் மருந்துகள் இறக்குமதி செய்யும் ஒரு கந்தோரில் கிளார்க். கந்தோருக்கு வரும் வெளிநாட்டுச் சஞ்சிகைகளைப் படித்துவிட்டு வந்து எங்கள்மேல் பரிசோதனை செய்வது அவருடைய பொழுதுபோக்கு. அதற்கு முந்திய பருவத்தில் நாங்கள் எல்லோரும் வெறும் வயிற்றில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, முத்தின கீரையை விடு. முளைச்சு ரெண்டு இலை விட்ட உடன வெட்டவேணும். அந்தக் குஞ்சுக்கீரையிலதான் சத்துக் கூட. பிள்ளையளுக்கு இரத்தம் ஊறும், எலும்பு உரம் வைக்கும், கடகடவெண்டு வளருவினம்" என்றார்.

"ஒரு பிடி கடுகுக்கு இவ்வளவு கதையோ" என்றார் அம்மா. ஆனாலும் கடுகு டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

டின் மூடியில் ஈரச் சாக்குத் துண்டை விரித்து, ஊறவைத்த விதையைத் தூவி, மேலே இன்னொரு துணியால் மூடி வைப்பது மாமாவின் முறை. முளை கண்டதும் துணியை எடுத்து வெயில் காட்ட வேண்டும். காகம் கொத்தாமல் பார்ப்பது என் வேலை. சில நாட்களில் மூடி முழுவதும் பச்சையாகிவிடும். அம்மா கத்தரிக்கோலால் அடியோடு நறுக்கி, மாஜரின் பூசிய பாணுக்கு நடுவில் வைத்துத் தருவார். கடுகு மூக்கில் ஏறும், வெந்தயம் லேசாகக் கசக்கும். ஆனால் நார் கிடையாது. நான் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டேன். சாப்பிடும்போது அண்ணனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மயக்கம் நின்றது. முகத்தில் இரத்தம் தெரிகிறது என்று டீச்சர்கூடச் சொன்னார். டாக்டர் அதை டானிக்கின் கணக்கில் சேர்த்தார், மாமா கீரையின் கணக்கில் சேர்த்தார். இருவருமே சரியாக இருந்திருக்கலாம்.

அண்ணனுக்கு அப்போது பதினாலு வயது. பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியில் சேர வேண்டும் என்று வெறி பிடித்துத் திரிந்தான். உயரம் வேண்டும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டாராம். அவன் ஏற்கெனவே அந்த வருடம் முருங்கை மரம் மாதிரி நெட்டுக்கு வளர்ந்திருந்தான். அம்மாவைத் தாண்டியாயிற்று. மேலுதட்டில் பூனைமயிர். குரல் தகர டப்பா. அது அவனுக்குப் போதவில்லை. கதவு நிலையில் பென்சிலால் தன் உயரத்தைக் கோடு போட்டு வைப்பான். அடுத்த நாள் பார்த்தால் கோடு இருக்காது. அம்மா ஈரத்துணியால் துடைத்துவிடுவார். வீட்டுக்காரர் ஏசுவார் என்பார். அடுப்புக் கரி படிந்த சுவரைப் பற்றி வீட்டுக்காரர் ஏசமாட்டாரா என்று எனக்குத் தோன்றவில்லை.

மாமாவின் "கடகடவெண்டு வளருவினம்" அண்ணனின் காதில் நன்றாக ஏறியிருந்தது. விடியப் பல்கனிக்குப் போய் மூடிகளின் பின்வரிசையிலிருந்து பிடி பிடியாகப் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வான். நான் காகத்தைச் சந்தேகப்பட்டேன். ஒருநாள் அவன் கொட்டாவி விட்டபோது பல்லிடுக்கில் பச்சை தெரிந்தது. அம்மாவிடம் சொல்ல நான் ஒரு விநாடியும் தாமதிக்கவில்லை.

அம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிக் கோபப்படுவார் என்று எதிர்பார்க்கவில்லை. அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினார். "அது பிள்ளைக்கு வச்சது. உனக்கில்லை. இனிமேல் தொட்டியெண்டால் பார்" என்றார்.

மாமா சமாதானம் செய்யப் போனார். "விடு அக்கா, அவனும் வளருற பிள்ளைதானே."

"அவன் வளர்ந்தது காணும். இனிப் போதும்."

அம்மா எனக்காக அண்ணனோடு சண்டை பிடிக்கிறார். எனக்கு அந்தரத்தில் நடப்பது போல இருந்தது. அடுத்த நாட்களில் இன்னொன்றையும் கவனித்தேன். அம்மா அண்ணனின் கோப்பையில் இரண்டாம் முறை சோறு போடுவதற்கு முன் கொஞ்சம் யோசித்தார். கடவுள் ஒருவழியாகக் கண் திறந்துவிட்டார் என்று நான் முடிவு கட்டினேன்.

அம்மாவுக்கு வேறொரு வழக்கமும் இருந்தது. அண்ணன் வெளியே காலடி வைப்பதென்றால் பள்ளிக்கூட யூனிபோர்ம் போட வேண்டும். வெள்ளைச் சேர்ட், நீலக் கட்டைக் காற்சட்டை, முதுகில் புத்தகப் பை. பாண் வாங்கப் போனாலும் அதுதான், சலூனுக்குப் போனாலும் அதுதான். அவனுடைய வகுப்பில் பாதிப் பேர் நீளக் காற்சட்டைக்கு மாறிவிட்டார்கள். அம்மா மட்டும் அசையவில்லை. போதாததற்கு என்னையும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்வார். அவன் சந்தியில் நின்று கூட்டாளிகளோடு கதையளக்காமல் காவல் காப்பதற்கு என்று நான் நினைத்தேன். அண்ணன் முழங்கால் தெரிய, வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நடப்பான்.

அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் பாண் வாங்கப் போனோம். காலி வீதியில் திரும்பியதும் தடை போட்டிருந்தார்கள். பொலிஸ்காரர்கள் வருகிறவர் போகிறவரை நிறுத்தி அடையாள அட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு லொறியில் இளம் தமிழ்ப் பெடியன்கள் ஏற்றப்பட்டு நின்றார்கள். வழக்கமாக யூனிபோர்மைக் கண்டால் கையை ஆட்டிப் போகச் சொல்வார்கள். அன்று ஒருவர் அண்ணனின் வழியை மறித்தார்.

"மல்லி, கொஹேத யன்னே?" தம்பி, எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார்.

பேக்கரிக்கு என்று அண்ணன் சொன்னான். பொலிஸ்காரர் அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

"அத போயா நே."

இன்று போயா அல்லவா. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பூரணை நாள். நாடு முழுவதும் பள்ளிக்கூடம் இல்லை, டியூசன் இல்லை. அதனால்தானே நாங்கள் காலையில் வீட்டில் இருந்தோம். அம்மா பழக்க தோசத்தில் அவனுக்கு யூனிபோர்ம் மாட்டி, பையையும் கொழுவி அனுப்பிவிட்டார். விடுமுறை நாளில் மீசை அரும்பிய நெடுவல் ஒருவன் கட்டைக் காற்சட்டையும் புத்தகப் பையுமாகப் போனால் யாருக்குத்தான் சந்தேகம் வராது.

பையை வாங்கிக் கொட்டினார்கள். கொப்பிகள்தான். வயது கேட்டார்கள். "தாஹதராய்" என்று அண்ணன் தகர டப்பாக் குரலில் சொன்னான். பதினாலு என்பதை யாரும் நம்பவில்லை. அடையாள அட்டை எடுக்கும் வயதும் அவனுக்கு ஆகவில்லை, காட்ட எதுவும் இல்லை. ஒருவர் அவன் முழங்கையைப் பிடித்து லொறிப் பக்கம் நடத்தினார். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தை எல்லாம் ஒன்றுசேர்த்துச் சொன்னேன்.

"அய்யா பலா கனவா. ஏகய் லொக்கு."

அண்ணன் கீரை சாப்பிடுகிறவன், அதனால்தான் பெரிய ஆளாக இருக்கிறான் என்று அர்த்தம். பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். பிறகு மற்றவருக்குச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். ஒருவர் என் தலையைத் தடவி, "நங்கி, கெதர யன்ன" என்றார். தங்கச்சி, வீட்டுக்குப் போ. சிரித்தபடியே அண்ணனை லொறியில் ஏற்றினார்கள்.

நான் ஓடிப்போய்ச் சொன்னபோது அம்மா கத்தவில்லை. அடுப்பை அணைத்தார், அணைத்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்தார், பிறப்புச் சான்றிதழை எடுத்தார், சேலையின் மேல் ஒரு சேலையைச் சுற்றப் போனார், மாமா தடுத்தார். இருவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள். என்னைக் கீழ்வீட்டில் இருக்கச் சொன்னார்கள். நான் இருக்கவில்லை. படியில் ஏறினேன், இறங்கினேன், பல்கனிக்குப் போனேன், ஒழுங்கை முனையைப் பார்த்தேன். கடற்கரை றெயில் போகும் ஒவ்வொரு முறையும் லொறிதான் வருகிறது என்று மறுபடியும் படியிறங்கி ஓடினேன். அண்ணன் திரும்பி வந்தால் மூடி முழுவதையும் அவனே தின்னட்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டேன்.

பின்னேரம் மூவருமாக வந்தார்கள். அண்ணன் சுவரோரம் போய் உட்கார்ந்தான். மாமாதான் கதை சொன்னார். பொலிஸ் நிலையத்துப் பெரியவர் சான்றிதழைப் பார்த்தாராம், அண்ணனைப் பார்த்தாராம், கடதாசிக்குப் பதினாலு, பெடியனுக்குப் பதினெட்டு என்றாராம். காத்திருக்க வைத்தார்களாம். கடைசியில் காலையில் பிடித்த பொலிஸ்காரர் வந்து, இவன்தான் சேர் அந்தக் கீரை தின்கிற பெடியன் என்று சொல்ல, எல்லோரும் சிரித்து விட்டுவிட்டார்களாம். "கீரை காப்பாத்திப் போட்டுது அக்கா" என்று மாமா சிரிக்கப் பார்த்தார்.

அம்மா சிரிக்கவில்லை. எழுந்து பல்கனிக்குப் போனார். முதல் மூடியை எடுத்து வெளியே கவிழ்த்தார். பிறகு அடுத்தது.

"அக்கா, உனக்கென்ன விசரே? இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தமில்லையெண்டு நீ எழுதித் தருவியோ? இப்பவே பதினெட்டெண்டு சொல்லுறாங்கள். வாற வருசம் என்ன சொல்லுவாங்கள்?"

கீரை தின்றதால் ஒரு பிள்ளை நெட்டுக்கு வளர்ந்தது என்று எந்த டாக்டரும் இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை. நல்ல சாப்பாடு, அவ்வளவுதான். அண்ணன் அப்பாவைப் போல வளர்ந்தான். அதை அம்மாவுக்கு யார் சொல்லிப் புரிய வைப்பது. வெந்தயமும் சாக்குத் துண்டும் ஒழுங்கையில் விழுந்து கிடக்க, காகங்கள் இறங்கின.

பிள்ளையாருக்கு நேர்ந்ததெல்லாம் எனக்கு அந்த நிமிடமே மறந்துபோனது. என் கீரை. நான் காவல் காத்த கீரை. வாய்விட்டு அழத் தொடங்கினேன். அம்மா வந்து என் முன்னால் குந்தியிருந்து முகத்தைத் துடைத்தார்.

"அழாதை பிள்ளை. உனக்கு நாளைக்குப் புதுசாப் போட்டுத் தாறன். நீ வளரலாம்."

பிறகு அண்ணனிடம் போனார். அவன் தலையில் கையை வைத்தார். தடவுவார் என்று நினைத்தேன். கை அப்படியே தலையை அழுத்திக்கொண்டு நின்றது.

"கொஞ்சக் காலத்துக்கு இப்பிடியே இரு ராசா" என்றார்.

இப்படியே இருக்க யாருக்கு முடியும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா அடுப்படிக்குப் போனதும் நான் அண்ணனுக்கு நாக்கை நீட்டிக் காட்டினேன். "எனக்கு மட்டும்தான்" என்றேன். வேறொரு நாளென்றால் குட்டியிருப்பான். அன்று அவன் அசையவில்லை. முழங்கால்களை நெஞ்சோடு இழுத்து, நீண்ட கைகளால் கட்டிக்கொண்டு, எவ்வளவு சின்னதாக இருக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக இருந்தான். அவன் தோற்றுவிட்டான், நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, மாமா வரும் வழியில் வாங்கி வந்த பாணைக் கடித்தேன்.